எல்க் ஃபோர்க்கில் ஊதிய சங்கு

ஹலோ... ஹலோ, வெண்டலா?... ஆமாடா, ராய்ஸ்தான் பேசுறேன்... கத்தாதே, மெதுவாப் பேசு... நான் ஏன் குசுகுசுன்னு பேசுறேனா? ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன் மச்சான்... ஆமா, ஆமா, ஒளிஞ்சுக்கிட்டு... ஸ்கோர்போர்டு அறையில, மேஜைக்கு அடியில. முட்டி ரெண்டும் கழண்டுடும் போல இருக்கு.

இல்லடா, உன் தங்கச்சிகிட்டேர்ந்து இல்ல! லோரெட்டா கீழ கேலரியில கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கா. ஊரே கேலரியிலதான் இருக்கு. முந்நூறு பேர் மச்சான். முந்நூறு பேரும் இந்த ஜன்னலையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்காங்க... ஆமா, என்னைத்தான். பின்ன, ஜன்னல்ல என்ன பூந்தொட்டியா வெச்சிருக்கு?

நீ எங்க இருக்க?... நீச்சல் குளத்துலயா! அடப்பாவி! இங்க விஸ்கான்சின்ல அக்டோபர் குளிரு மூக்கைப் பிய்ச்சுக்கிட்டுப் போகுது, நீ அரிசோனாவுல தண்ணிக்குள்ள ஊறிக்கிட்டுக் கிடக்க... சரி சரி, வெளிய வா. துடைச்சுக்கிட்டு ஒரு நாற்காலியில உக்காரு. எனக்கு ஒரு ரெஃப்ரி வேணும்... இப்பவேதான்டா, நாளைக்கு இல்ல. இருபத்தாறு வருஷம், தப்பு பண்ணா வீசுற மஞ்சத் துணியைப் பின்பாக்கெட்டுல சொருகிக்கிட்டு, ஊர் ஊரா நம்ம அமெரிக்க ஃபுட்பாலுக்குத் தீர்ப்பு சொன்னவன் நீ. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?

என்ன ஆட்டமா?... சொல்றேன். ஆனா சிரிக்கக் கூடாது... சத்தியம் பண்ணு... சாக்கர். ஆமா, காலால மட்டும் உதைச்சு ஆடுறதுதான்.

...சிரிச்சு முடிச்சியா?... இன்னும் இல்லையா?... முடிச்சிடு, நான் இருக்கேன். மேஜைக்கு அடியில எனக்கு என்ன அவசரம்?

உன் மருமக, எம் பொண்ணு டார்சிக்காகத்தான்டா... லோரெட்டா உன்கிட்ட சொல்லவே இல்லையா? இந்த வருஷம் பூரா சனிக்கிழமையானா நான் இங்கதான். பொம்பளைங்க டீம். எல்க் ஃபோர்க் யுனைட்டட்... எந்த ஊரோட சேர்ந்து யுனைட்டட் ஆனாங்களா? அதை நானும் கேட்டேன், யாருக்கும் தெரியல. நாம ஒரு கரடியோ கழுகோ பேரு வெச்சிருப்போம். இவங்க யுனைட்டட்னு வெச்சிக்கிட்டாங்க... ஆமா, டார்சிதான் கோல் கீப்பர். இருபத்திரண்டு பேர்ல பந்தைக் கையால புடிக்கிற உரிமை ரெண்டே பேருக்குத்தான், அதுல ஒருத்தி உன் மருமக. கடவுள் கை குடுத்தது எதுக்குன்னு எங்க வீட்டுப் பொண்ணாவது மறக்கலையேன்னு நான் சந்தோஷப்பட்டுக்கிட்டேன். மாட்டு டாக்டர் இல்லையா அவ? பசு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டுக் கன்னுக்குட்டியை இழுக்கிறவ. அவ புடிச்ச பந்து நழுவவே நழுவாது.

கேளு, கேளு. இன்னிக்கு ஃபைனல். மார்ஷ் லேக்கோட... ஆமா, அதே மார்ஷ் லேக்தான், அந்தத் திமிரு பிடிச்ச ஊருதான். பத்து வருஷமா பால் கேன் அவங்ககிட்டதான் இருக்கு... கோப்பைடா! பழைய பால் கேனுக்கு வெள்ளிப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கு, ஜெயிக்கிறவங்க தூக்கிக்கிட்டுப் போகணும். நாம ஒண்ணு, அவங்க சைபர்...

ஆமா, ஒண்ணுதான். ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு கோல்தான்... டேய், நிறுத்து. நானும் உன்னை மாதிரிதான் கேலி பண்ணிக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் உக்காந்து யோசிச்சேன். நம்ம ஃபுட்பால்ல என்ன பண்றோம்? பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஒருத்தன் கோட்டைத் தாண்டினான்னா ஆறு பாயிண்ட். அப்புறம் ஒரு உதை உதைச்சா இன்னொண்ணு. ஏழு. இருபத்தொண்ணுக்குப் பதினாலுன்னு மார்தட்டிக்கிறோமே, அது என்னது? மூணுக்கு ரெண்டுடா! நாம வாரி வாரி எழுதிக்கிறோம், அவங்க கஞ்சத்தனமா எழுதுறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த ஆட்டத்துல எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது மச்சான். நேரம் ரெஃப்ரி மணிக்கட்டுலதான் இருக்கு. தபால் ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு பொண்ணு, பிரிசில்லான்னு பேரு, அவதான் ரெஃப்ரி. தொண்ணூறு நிமிஷம்னு பேரு, ஆனா அடிபட்டு உருண்டதுக்கு ரெண்டு நிமிஷம், பந்து தேடினதுக்கு ஒரு நிமிஷம்னு மனசுக்குள்ள கணக்கு வெச்சுக்கிட்டு, எப்ப தோணுதோ அப்ப விசில் அடிப்பா. என் ஸ்கோர்போர்டு, அதோட கடிகாரம், நேரம் முடிஞ்சா ஊதுற சங்கு எல்லாம் சும்மா அலங்காரம்... ஆமா, ஆமா, 'அலங்காரம்'ங்கிற வார்த்தையையேதான் சொன்னா, மூஞ்சிக்கு நேரா! முப்பத்தொரு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாம ஹைஸ்கூல் ஃபுட்பாலுக்குக் கடிகாரம் பிடிச்சவன்கிட்ட! எனக்கு உச்சி மண்டையில சுர்ருன்னுச்சு. 'சார், உங்க போர்டு சைபருக்கு வந்தாலும் வரட்டும், தயவு செஞ்சு சங்கு மட்டும் ஊதிடாதீங்க'ன்னா. பல தடவை சொன்னா.

...

ஆமா. ஊதிட்டேன்.

சிரிக்காதேன்னு சொன்னேன் இல்ல!... குளத்துக்குள்ள விழுந்து தொலைச்சிடப் போற... மச்சான், குடி முழுகிப் போச்சுன்னு நான் சொல்றேன், நீ சிரிக்கிறியே! முழுசாக் கேளு. கடைசி நிமிஷம். நம்ம பொண்ணுங்க எல்லாம் முன்னால ஏறிட்டாங்க. டார்சியும் கோலை விட்டு வெளிய வந்து வெகுதூரத்துல நிக்கிறா, கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கிட்டு. மார்ஷ் லேக்ல பனைமரம் மாதிரி ஒருத்தி இருக்கா, ஆறடி உசரம். நடுக்கோட்டுக்கிட்டேர்ந்து ஒரு உதை விட்டா பாரு... பந்து ஏறுது, ஏறுது, டார்சி தலைக்கு மேல போகுது. இங்க சங்கு. பாஆஆஆம்னு. கேட்டதும் நம்ம பொண்ணுங்க எல்லாம் ஜெயிச்சாச்சுன்னு கட்டிப் பிடிச்சுக் குதிக்கிறாங்க. அந்தப் பக்கம் பார்த்தா பந்து தாவித் தாவி கோலுக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. ரெஃப்ரி விசிலே அடிக்கல.

ஏன் குதிச்சாங்களா? நல்லாக் கேட்ட. ஹைஸ்கூல் சாக்கர்ல நம்ம கடிகாரம்தான் ராஜா. சைபருக்கு வந்து சங்கு ஊதினா ஆட்டம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம். இவங்க எல்லாரும் அதுல வளர்ந்தவங்க. பெரியவங்க ஆட்டத்துல அது கிடையாது. ஆனா அந்த சங்கு காதுல விழுந்ததும் காலு தானா நின்னுடுச்சு.

இப்பவா? இரு, எட்டிப் பார்க்கிறேன்... நடு மைதானத்துல ஒரே கும்பல். பிரிசில்லா கோட்டோரம் நிக்கிற ரெண்டு துணை ரெஃப்ரியையும் கூப்பிட்டுத் தலையோட தலை முட்டிப் பேசிக்கிட்டிருக்கா. ரெண்டு கோச்சும் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறாங்க. நம்ம கேலரி பூரா 'கோல் செல்லாது'ங்குது, அந்தப் பக்கம் பூரா 'செல்லும்'ங்குது... ஐயோ, இன்னொரு லைன்ல லோரெட்டா கூப்பிடுறா... எடுக்க மாட்டேன். எடுத்தா நான் செத்தேன்.

விதி என்னன்னு நான் உனக்குச் சொல்றேன்... எனக்குத் தெரியும்டா! டார்சி புஸ்தகம் குடுத்தா, கக்கூஸ்லயே படிச்சு முடிச்சுட்டேன். மொத்தமே பதினேழு விதி மச்சான். பதினேழே பதினேழு! நம்ம ஃபுட்பால் புஸ்தகத்தைத் தூக்கி அடிச்சா ஒரு ஆடு செத்துடும்... அதுல இப்படி இருக்கு. வெளியாள் எவனாவது விசிலோ சத்தமோ போட்டு, அதனால ஆடுறவங்க நின்னுட்டா, ரெஃப்ரி அங்கயே ஆட்டத்தை நிறுத்தணும். அதுக்கப்புறம் விழுந்த கோல் செல்லாது. அப்படின்னா ஒண்ணு - சைபர், பால் கேன் நமக்கு. ஆனா பந்து டார்சியைத் தாண்டினதுக்கப்புறம் சங்கு ஊதியிருந்தா, அவ நின்னாலும் நிக்காட்டியும் புடிச்சிருக்க முடியாது. கோல் கோல்தான். ஒண்ணு - ஒண்ணு. சங்கு முன்னாடியா, பந்து முன்னாடியா, இவ்வளவுதான் கேள்வி. ரெஃப்ரி பந்தைப் பார்த்துக்கிட்டிருந்தா, அவளுக்குத் தெரியல. யாருக்கும் தெரியல.

என்னது? ஒண்ணு - ஒண்ணு ஆனா ரெண்டு பேரும் கை குலுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்களா?... மத்த நாள்ல போவாங்க. டிரான்னு சொல்லுவாங்க... எனக்கும்தான்டா பிடிக்கல! ஒண்ணரை மணி நேரம் நாய் மாதிரி ஓடிட்டு, யாரும் ஜெயிக்கல யாரும் தோக்கலன்னா, நான் எதுக்கு சாசேஜ் வாங்கித் தின்னேன்? ஆனா இது ஃபைனல், டிரா கிடையாது. நேரா பெனால்டி. டீமுக்கு அஞ்சு உதை, கோல் கீப்பர் தனியா நிப்பா... ஆமா, அது கொஞ்சம் ஆம்பளைத்தனமா இருக்குன்னு சொல்லாதே, இங்க ஆடுறது பொம்பளைங்க. உன் காதைத் திருகிடுவாங்க.

இரு... ஆஃப்சைடா? இந்த நேரத்துல உனக்கு ஆஃப்சைடு கேக்குது பாரு!... சரி சொல்றேன், சொன்னா விடுவியா? வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு செயின்ட் ஹெட்விக் சர்ச் கூடத்துக்குப் போவோமே. கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே சமையல்கட்டு வழியா உள்ள பூந்து, முதல் மேஜையில தட்டோட உக்காந்துக்கிட்டு, 'நான் அப்பவே வந்துட்டேன்'பானே ஒருத்தன்? அதுதான் ஆஃப்சைடு. மீனு உன்கிட்ட வந்து சேர்றப்ப நீ எங்க இருக்கங்கிறது கணக்கில்ல. மீனு சட்டியிலேர்ந்து கிளம்புறப்ப நீ எங்க இருந்தங்கிறதுதான் கணக்கு, பந்துக்கும் அதேதான்... ஆமா, உன்னைத்தான் சொன்னேன். பதினைஞ்சு வருஷம் ஆஃப்சைடுலயே மீன் தின்னவன் நீ.

அடிபட்ட மாதிரி உருண்டு பெரண்டு அழறதா? அது இருக்கு. அதை நான் ஒத்துக்கிறேன். போன மாசம் ஒருத்தி விழுந்தா பாரு, கால் போச்சுன்னே நினைச்சேன். லோரெட்டா நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டா. ஒருத்தி ஓடி வந்து ஏதோ ஸ்ப்ரே அடிச்சா. அடிச்சதும் எழுந்து மான் மாதிரி ஓடுறா! அந்த ஸ்ப்ரே எங்க கிடைக்கும்னு நானும் விசாரிச்சுட்டேன், என் முட்டிக்கு. அது சும்மா ஐஸ் தண்ணியாம்.

...பிடிச்சிருக்கான்னா? யாருக்கு, எனக்கா?... உன்கிட்ட மட்டும் சொல்றேன், நம்ம கூட்டத்துல யார்கிட்டயும் சொல்லிடாதே. பிடிச்சிருக்குடா. நம்ம ஆட்டம் இருக்கே, ஒரு தடவை நானே கூட்டிப் பார்த்தேன். மூணு மணி நேரத்துல பந்து நகர்றது பன்னெண்டு நிமிஷம். பாக்கி நேரமெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுறாங்க, நான் கடிகாரத்தை நிறுத்துறேன், ஓட விடுறேன், நிறுத்துறேன். இது நிக்கவே நிக்காது. ஒண்ணுக்குப் போகக்கூட நேரம் விட மாட்டாங்க. அரை மணி நேரம் ஒண்ணும் நடக்காது, சரி போய் ஒரு காபி வாங்கலாம்னு எழுந்தா... பந்து கோல் கம்பத்துல பட்டுத் தெறிக்கும். அப்புறம் எழுந்திருக்கவே பயமா இருக்கு... சிரி, சிரி. நீ வந்து பாரு, உனக்கும் பிடிச்சுடும்.

ஆங்?... என்ன கேட்ட?

...

எதுக்கு அது இப்ப?... ரெஃப்ரி மாதிரி கேக்காதே... சரி, நான்தான் ரெஃப்ரியா இருன்னு கூப்பிட்டேன், ஒத்துக்கிறேன்... சங்கை அமுக்கினப்ப போர்டுல என்ன காட்டுச்சுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போற?... இந்த மெஷின் பழசு, தானா ஊதாது, கையால பட்டனை அமுக்கணும். அதனால முன்ன பின்ன...

மூணு.

மூணு மச்சான். சைபர் இல்ல. மூணு செகண்ட் பாக்கி இருந்துச்சு.

...என்னது? பழக்க தோஷமா?

பழக்க தோஷம் இல்லடா. பழக்க தோஷம்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க. கீழேர்ந்து ஒருத்தன் இப்பவே கத்துறான், 'கிழவனுக்கு சாக்கர் தெரியாதுப்பா, விடுங்க'ன்னு. முப்பத்தொரு வருஷத்துல நான் ஒரு செகண்ட் முன்ன ஊதினதில்ல, ஒரு செகண்ட் பின்ன ஊதினதில்ல. உனக்குத் தெரியாதா? அந்தப் பந்து அவ தலைக்கு மேல போறதைப் பார்த்தேன். அவ திரும்பி ஓட ஆரம்பிச்சா, எட்டாதுன்னு அவளுக்கே தெரியுது, ஆனாலும் ஓடுறா. அந்த ஓட்டத்தைப் பார்த்து எனக்குத் தாங்கலடா. கை போய் அமுக்கிடுச்சு. தெரிஞ்சேதான் அமுக்கினேன். எம் பொண்ணுக்காகத் திருட்டுத்தனம் பண்ணிட்டேன்.

...திட்டு. நல்லாத் திட்டு... ஆமா... ஆமா... நீ சொல்றதெல்லாம் சரிதான்...

அவ எட்டு வயசுல ஆட ஆரம்பிச்சா மச்சான். பதினெட்டு வயசுக்குள்ள நான் எத்தனை மேட்ச் பார்த்தேன் தெரியுமா? ரெண்டு. அதுல ஒண்ணுல தூங்கிட்டேன். ஊர்ப் பசங்க ஃபுட்பாலுக்கெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை விடாம இங்க வந்து உக்காந்தவன், எம் பொண்ணு ஆட்டம்னா 'அதெல்லாம் ஒரு ஆட்டமா'ன்னேன். அவ முன்னாலயே சொன்னேன். அப்புறம் அவ கேக்கறதையே விட்டுட்டா. இந்த ஏப்ரல்ல வந்து வாசல்ல நின்னா. 'அப்பா, இந்தப் பழைய மெஷினை யாருக்கும் ஓட்டத் தெரியல, வர்றியா'ன்னா. சட்டை மாட்டக்கூட நான் நிக்கல, பனியனோட வண்டியில ஏறிட்டேன்... ஆறு மாசமா மேட்ச் முடிஞ்சு என் ட்ரக் பின்னாடி கால் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்து ரெண்டு பேரும் சாசேஜ் திங்கிறோம். வாய் ஓயாம பேசுறா. சின்ன வயசுலகூட அவ என்கிட்ட இவ்வளவு பேசினதில்ல. இது போயிடுமோன்னு பயமா இருக்குடா எனக்கு.

சரி, மூக்கை உறிஞ்சுறது குளிருக்கு. நீ ஒண்ணும் நினைச்சுக்காதே.

இரு இரு... எட்டிப் பார்க்கிறேன்... ஐயய்யோ! பிரிசில்லா இந்தப் பக்கம் கையைக் காட்டுறா. என்னைத்தான். கீழ வாங்கங்கிறா... கேட்டா என்ன சொல்லவா? 'உதைக்கிறதுக்கு முன்னாடியே ஊதிட்டேன்'னு சொன்னா முடிஞ்சுது! ஒரே வார்த்தை மச்சான், 'முன்னாடி'. டார்சி கையில பால் கேன்... தெரியும்டா பொய்னு! பொய்னு தெரியாமலா மேஜைக்கு அடியில கிடக்கேன்?... நீ உன் ரெஃப்ரி நியாயத்தையெல்லாம் மடிச்சு உள்ள வை. உனக்குப் பொண்ணு இல்ல... சாரி. சாரிடா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது... நான் போறேன், எழுந்திருக்கிறேன்... ஆ! தலையில இடிச்சுக்கிட்டேன்... சொல்லத்தான் போறேன், 'முன்னாடி'ன்னுதான் சொல்லப் போறேன், நீ என்ன வேணா...

இரு.

டார்சி போறாடா... ரெஃப்ரிகிட்ட. தனியாப் போறா. கையுறையைக் கழட்டிக்கிட்டே போறா. நம்ம கோச்சு அவ தோளைப் பிடிச்சு இழுக்கிறா, இவ உதறிட்டுப் போறா... ஏதோ சொல்றா. காலால தரையில கோடு போட்டுக் காட்டுறா, இங்க நின்னேன்னு. கையைத் தலைக்கு மேல தூக்கி, பின்னால காட்டி... டேய்... டேய் வெண்டல்... பந்து தாண்டிப் போனதுக்கப்புறம்தான் சங்கு கேட்டுச்சுன்னு சொல்றாடா! அவளே சொல்றா!

நம்ம பொண்ணுங்க எல்லாம் அவமேல பாயுறாங்க. ஒருத்தி தண்ணி பாட்டிலைத் தூக்கி எறியுறா. கேலரி பூரா ஊஊன்னு கத்துது. அவ இடுப்புல கையை வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறா, மாடு உதைச்சாலும் நகராத மாதிரி... ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டுறா. கோல்! கோல்னு குடுத்துட்டா மச்சான். ஆட்டம் முடிஞ்சுதுன்னு மூணு விசிலும் அடிச்சுட்டா. ஒண்ணு - ஒண்ணு. பெனால்டி.

...

அப்படி அசையாம நிக்கிற தைரியம் எங்கேர்ந்து வந்துச்சு அவளுக்கு? என்கிட்டேர்ந்து இல்ல, நிச்சயமா. நான் இங்க பொய்யை வாயில வெச்சுக்கிட்டு நிக்கிறேன்... உன் தங்கச்சிதான். ஆமா, உங்க வீட்டு ரத்தம்தான், எடுத்துக்கோ, இன்னிக்கு உனக்கே விட்டுத் தர்றேன்.

எனக்கு வேலை மிச்சம்ங்கிறியா?... ஆமா, இப்ப என்னை யாரும் கேக்க மாட்டாங்க. 'பழக்க தோஷம்'னே போயிடும். நான் இங்கயே உக்காந்து... ஐயோ.

வர்றா. இங்கதான் வர்றா. கேலரிப் படியில ரெண்டு ரெண்டாத் தாவி ஏறி வர்றா, அவ மூஞ்சி... வைக்காதே, ஃபோனை வைக்காதே! நீ லைன்ல இரு. எனக்குத் துணைக்கு யாராவது இருக்கணும்...

வா கண்ணு. உள்ள வா... இல்ல, உங்க மாமா வெண்டல்தான், லைன்ல... சும்மாதான் பேசிக்கிட்டிருந்தோம், அரிசோனா வெயிலைப் பத்தி... டார்சி, இரு. அஞ்சு நிமிஷம்தான் இருக்குன்னு தெரியும். நான் ஒண்ணு சொல்லணும். பழக்க தோஷம் இல்லடா கண்ணு. மூணு செகண்ட் இருந்துச்சு. பந்து உன்னைத் தாண்டுறதைப் பார்த்துட்டுத்தான் நான் அமுக்கினேன்...

...தெரியுமா? எப்படித் தெரியும்?... ஆமா, போர்டு உன் கோலுக்குப் பின்னாடிதான் இருக்கு... பந்தைப் பார்க்கத் திரும்பினப்பவா?... மூணுன்னு பார்த்தியா!

வெண்டல், அவளுக்கு முதல்லேர்ந்தே தெரியுமாம்டா.

ரெஃப்ரிகிட்ட அதை ஏன்மா சொல்லல?... உன் பங்கை நீ சொன்ன. சரி... என் பங்கை... ஆமா. ஆமா கண்ணு. நான்தான் சொல்லணும். நீ சொல்றது நியாயம். போறப்பவே சொல்லிடறேன், பிரிசில்லா முன்னாடி நின்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி... மஞ்சள் அட்டை காட்டுவாளா எனக்கு?... சிவப்பா! நேரா சிவப்பேவா?... அடுத்த வருஷம் இந்த அறைக்குள்ளயே விட மாட்டாங்களா? அப்ப நான் சனிக்கிழமை என்ன பண்ணுவேன்?

ஏன் சிரிக்கிற? உங்கப்பன் திருட்டுத்தனம் பண்ணியிருக்கான், நீ என்னடான்னா சிரிக்கிற!... மாமாவும் அங்க சிரிக்கிறான் பாரு... அழுறியா சிரிக்கிறியா நீ, ஒண்ணும் புரியல எனக்கு... வா இங்க... சேறு பரவால்ல, சட்டை போனா போகட்டும்... நல்லா நின்னம்மா. அங்க தனியா. ரொம்ப நல்லா நின்ன. பத்து வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், இப்ப சொல்றேன். கெட்டிக்காரிடி நீ.

சரி, போ போ. உன்னைத் தேடுவாங்க. பெனால்டிக்கு எத்தனை நிமிஷம் போடணும் போர்டுல? அஞ்சா, பத்தா?... என்னது?... கடிகாரமே கிடையாதா? உதைச்சு முடியற வரைக்கும்தான் ஆட்டமா?... அப்ப எனக்கு இங்க என்ன வேலை?

...

எங்க?... உன் கோலுக்குப் பின்னாடியா? வேலிக்கிட்டயா?... அங்க நிக்க விடுவாங்களா என்னை?

வெண்டல், கேட்டியா? என்னைக் கீழ வந்து நில்லுங்கிறா. டேய், இந்த மைதானத்துல நான் ஒரு ஆட்டத்தையும் முழுசாப் பார்த்ததில்லடா. ஒரு கண்ணு பந்துல இருந்தா இன்னொரு கண்ணு நம்பர்லதான் இருக்கும்... என்ன?... முடிவு என்ன ஆச்சுன்னு உடனே கூப்பிடணுமா? போடா, நான் ஒவ்வொரு உதையையும் பார்க்கணும், உனக்கு வேணும்னா லோரெட்டாவைக் கேளு... ஆமா... ஆமா, சொல்றேன், மாமா வாழ்த்து சொன்னான்னு சொல்றேன்...

வை மச்சான், வை. அவ கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கிறா.